கென்டக்கியில் பந்தயக்குதிரைகளின் வரலாற்றைத் தேடிப் போக முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கென்டக்கி டெர்பி என்ற பெரிய பந்தயம் நடக்கும் நாளுக்குப் போய், பெரிய தொப்பி போட்டுப் படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். பந்தயம் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்குப் பின்னால் இருநூறு வருட வரலாறு இருக்கிறது. அதை அருங்காட்சியகங்களும் நூலகங்களும் பண்ணைகளும் சில கல்லறைகளும் பிரித்து வைத்திருக்கின்றன. ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்காது. அருங்காட்சியகம் பெயரைச் சொல்லும், பண்ணை அந்தக் குதிரை நின்ற லாயத்தைக் காட்டும், கல்லறைதான் யாரை மறந்தார்கள் என்று சொல்லும். அதனால் எந்த வரிசையில் போகிறோம் என்பது ரொம்ப முக்கியம். நான் பரிந்துரைக்கும் வரிசை இது. ஐந்து நாள் ஒதுக்கினால் நிதானமாகப் பார்க்கலாம், மூன்று நாளில் ஓடிப் பார்க்கவும் முடியும்.

முதல் படி: கிளம்புவதற்கு முன் கொஞ்சம் படித்துக்கொள்ளுங்கள்

தரோபிரெட் என்பது ஓடுகிற குதிரைக்கெல்லாம் பொதுவான பெயர் இல்லை, அது தனி இனம். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன் என்ற மூன்று பொலிகுதிரைகளில் ஏதோ ஒன்றில்தான் இன்றைக்கு ஓடும் ஒவ்வொரு தரோபிரெட்டின் தந்தைவழியும் போய் முடியும். இந்த வம்சாவளியை எழுதி வைக்கும் பதிவேடு இங்கிலாந்தில் 1791-இல் அச்சாகத் தொடங்கியது, அமெரிக்கப் பதிவேடு 1868-இல் வந்தது.

இன்னொரு விஷயம் தெரிந்திருந்தால் பண்ணைகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரியும். தரோபிரெட்டில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி இல்லை. பெட்டைக்குதிரையை வண்டியில் ஏற்றிப் பொலிகுதிரை இருக்கும் பண்ணைக்கே கொண்டு போக வேண்டும். அதனால்தான் நல்ல பொலிகுதிரைகள் எல்லாம் கென்டக்கியின் லெக்சிங்டன் நகரைச் சுற்றி அடுத்தடுத்த பண்ணைகளில் குவிந்திருக்கின்றன, அவற்றோடு சேர்ந்து வரலாறும் அங்கேயே தங்கிவிட்டது. அந்த ஊர் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். அதனால் புல்லிலும் தண்ணீரிலும் கால்சியம் சத்து அதிகம், குட்டிகளுக்கு எலும்பு பலமாக வளரும் என்று அங்குள்ள பண்ணைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

இரண்டாம் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல் அல்லது அக்டோபர். இந்த இரண்டு மாதங்களில்தான் லெக்சிங்டனில் இருக்கும் கீன்லேண்ட் மைதானத்தில் பந்தயம் நடக்கும். இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு ஏப்ரலுக்கு, ஏனென்றால் அப்போது மேய்ச்சல் நிலமெல்லாம் தாய்க்குதிரையோடு குட்டிகள் நிற்கும். தரோபிரெட்டுக்கு எந்த மாதத்தில் பிறந்தாலும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடிவிடும் என்பது விதி, அதனால் குட்டிகள் வருட ஆரம்பத்திலேயே பிறக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

பிப்ரவரி நடுவிலிருந்து ஜூன் வரை பொலிகுதிரைப் பண்ணைகளில் இனப்பெருக்கக் காலம், வேலை மும்முரமாக இருக்கும், பார்வையாளர் நேரத்தைக் குறைத்துவிடுவார்கள். மே மாதத்து முதல் சனிக்கிழமை டெர்பி. அந்த வாரம் போகாதீர்கள். அறை வாடகை தாறுமாறாக ஏறிவிடும், டெர்பி நடக்கும் லூயிவில் நகரத்து அருங்காட்சியகத்தையும் வழக்கம்போல நிதானமாகப் பார்க்க முடியாது.

மூன்றாம் படி: லெக்சிங்டனில் தங்குங்கள், கார் எடுங்கள், பண்ணைகளுக்கு முன்பதிவு செய்யுங்கள்

லூயிவில்லில் தங்கினால் தினமும் போக 120 கிலோமீட்டர், வர 120 கிலோமீட்டர் என்று ஓட வேண்டியிருக்கும். லெக்சிங்டனில் தங்கினால் மீதி எல்லாமே அரை மணி நேரத் தூரத்துக்குள் அடங்கிவிடும், லூயிவில்லுக்கு மட்டும் ஒரு நாள் ஒதுக்கினால் போதும். பண்ணைகளுக்குப் பேருந்து கிடையாது, கார் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

முன்பதிவுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். இவையெல்லாம் தனியார் பண்ணைகள், கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போக முடியாது. ஹார்ஸ் கன்ட்ரி என்ற லாப நோக்கில்லாத அமைப்பு பல பண்ணைகளையும் ஒன்றாகச் சேர்த்து இணையத்தில் முன்பதிவு செய்ய வழி வைத்திருக்கிறது. கிளேபோர்ன் பண்ணைக்கு இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், ஆகவே விமான டிக்கெட் எடுத்த அன்றே அதற்கும் பதிவு செய்துவிடுங்கள். மற்ற நாட்களை அதை வைத்து அமைத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: லூயிவில், டெர்பி அருங்காட்சியகம்

டெர்பி நடக்கும் சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தின் முதல் வாசலை ஒட்டியே 1985-இல் திறந்த கென்டக்கி டெர்பி அருங்காட்சியகம் இருக்கிறது. வாசலில் நுழைவதற்கு முன்பே ஒரு வெண்கலக் குதிரை பாய்ந்துகொண்டிருக்கும், அது பார்பரோ. 2006-இல் டெர்பியை வென்று, இரண்டே வாரத்தில் ப்ரீக்னஸ் பந்தயத்தில் கால் முறிந்து, மாதக்கணக்கில் சிகிச்சை கொடுத்தும் பிழைக்காமல் 2007 ஜனவரியில் போய்ச் சேர்ந்தது. அதன் சாம்பலைச் சிலைக்கு அடியில்தான் புதைத்திருக்கிறார்கள்.

உள்ளே போனதும் எல்லாரும் வட்டத்திரைப் படத்துக்கு ஓடுவார்கள். நீங்களும் பாருங்கள், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு அப்புறம் நேராகக் கறுப்பின ஜாக்கிகள் பற்றிய பகுதிக்குப் போங்கள், அங்கேதான் அதிக நேரம் நிற்க வேண்டும். 1875 மே 17 அன்று நடந்த முதல் டெர்பியில் ஓடிய 15 ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பினத்தவர்கள். வென்ற குதிரை அரிஸ்டைடிஸ், ஓட்டியவர் ஆலிவர் லூயிஸ், பயிற்சி கொடுத்தவர் அடிமையாகப் பிறந்த ஆன்சல் வில்லியம்சன். ஐசக் மர்ஃபி 1884, 1890, 1891 என மூன்று முறை வென்றார். ஜிம்மி விங்க்ஃபீல்ட் 1901, 1902 என்று அடுத்தடுத்து இரண்டு முறை வென்றார், அதோடு சரி. அவருக்குப் பிறகு இந்த நூற்றிருபது வருடத்தில் எந்தக் கறுப்பின ஜாக்கியும் டெர்பியை வெல்லவில்லை. இனப்பாகுபாடு இறுகி, மற்ற ஜாக்கிகளின் மிரட்டலும் முதலாளிகளின் கைகழுவலும் சேர்ந்து அவர்களை மைதானத்திலிருந்தே வெளியே தள்ளியது. விங்க்ஃபீல்ட் ரஷ்யாவுக்குப் போய் அங்கே பெரிய ஆளானார், புரட்சி வந்ததும் அங்கிருந்தும் தப்பிப் பிரான்சுக்குப் போனார்.

இந்தப் பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் படிகளுக்குத் தேவைப்படும்.

நுழைவுச்சீட்டோடு மைதானத்தைச் சுற்றிக் காட்டும் நடையும் சேர்ந்தே வரும், அதை விட்டுவிடாதீர்கள். 1895-இல் கட்டிய இரட்டைக் கோபுரங்களைப் படத்தில் பார்ப்பதும் பந்தயப் பாதையின் ஓரத்தில் நின்று நிமிர்ந்து பார்ப்பதும் வேறு வேறு. முதல் டெர்பியின் தூரம் ஒன்றரை மைல், 1896-இலிருந்துதான் ஒன்றேகால் மைல். அதனால் 1896-க்கு முந்தைய நேரங்களை இன்றைய நேரங்களோடு ஒப்பிடக் கூடாது. திரும்பும் முன் அருங்காட்சியகத் தோட்டத்தையும் பாருங்கள், கேரி பேக், ஸ்வாப்ஸ் போன்ற பழைய டெர்பி வெற்றியாளர்களை அங்கே புதைத்திருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: கீன்லேண்டில் ஒரு காலைப்பொழுது, அப்புறம் நூலகம்

மறுநாள் விடிகாலையில் கீன்லேண்டுக்குப் போங்கள். 1936-இல் முதல் பந்தயம் நடந்த மைதானம், சுண்ணாம்புக்கல் கட்டடங்கள், 1986-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. காலையில் குதிரைகளைப் பயிற்சிக்கு ஓட்டுவதைப் பொதுமக்கள் பார்க்கலாம், கட்டணம் இல்லை. பனியில் மூச்சிரைத்துக்கொண்டு குதிரைகள் பாய்ந்து போகும், குளம்புச் சத்தம் உடம்புக்குள் கேட்கும். வாசலில் கே, ஏ (KA) என்ற இரண்டு எழுத்துகள் பொறித்த கல்தூண்களைக் கவனியுங்கள். லெக்சிங்டன் நகரத்துக்குள் ஒரு காலத்தில் இருந்து, 1930-களில் மூடப்பட்ட கென்டக்கி அசோசியேஷன் மைதானத்தின் தூண்கள் அவை. அந்த மைதானத்தின் மிச்சம் இவ்வளவுதான் என்று சொல்லலாம்.

அடுத்தது கீன்லேண்ட் நூலகம். சுற்றுலா வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, எனக்கு இந்தப் பயணத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். 1939-இல் தொடங்கியது, தரோபிரெட் பற்றிய உலகின் பெரிய சேகரிப்புகளில் ஒன்று, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போகலாம். பந்தயத் தாளான டெய்லி ரேசிங் ஃபார்மின் பழைய இதழ்கள், பதிவேடுகள், ஏல விவரங்கள், ஆயிரக்கணக்கான பழைய புகைப்பட நெகட்டிவ்கள் எல்லாம் இங்கே பத்திரமாக இருக்கின்றன.

எப்படிப் பயன்படுத்துவது? சும்மா போய் நின்றால் திகைப்புதான் மிஞ்சும். ஒரு குதிரையையோ ஒரு ஜாக்கியையோ முன்கூட்டியே தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஒரு வாரம் முன்பே நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பழைய வெற்றிப் புகைப்படம் ஒன்றை வாங்கி வைத்துப் பாருங்கள்: முதலாளி, ஜாக்கி, பயிற்சியாளர் எல்லாருக்கும் கீழே பெயர் இருக்கும், கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குதிரைக்காரருக்குப் பல நேரம் பெயரே இருக்காது. அந்தப் பெயரைத் தேடுவதுதான் இந்தத் துறையில் இன்று நடக்கும் மிக நல்ல வேலை என்று நான் நினைக்கிறேன்.

ஆறாம் படி: லெக்சிங்டனின் கிழக்குப் பகுதி

எந்தச் சுற்றுலா வண்டியும் இங்கே நிற்காது. நீங்கள் நிறுத்துங்கள். பழைய மைதானத்தைச் சுற்றி வாழ்ந்த ஜாக்கிகள், பயிற்சியாளர்கள், குதிரைக்காரர்களின் பகுதி இது. ஐசக் மர்ஃபியின் வீடு இருந்த இடத்தை ஒட்டி இப்போது அவர் பெயரில் ஒரு நினைவுத் தோட்டம் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஏழாவது தெருவில், ஆப்பிரிக்கன் செமட்டரி நம்பர் 2 என்ற கல்லறைத் தோட்டம். முதல் டெர்பியை வென்ற ஆலிவர் லூயிஸ் இங்கேதான் இருக்கிறார். அந்தக் காலத்துக் குதிரை வேலைக்காரர்கள் பலரும் இங்கேதான். மர்ஃபியும் 1896-இல் இறந்தபோது இங்கேதான் புதைக்கப்பட்டார், காலப்போக்கில் அவருடைய கல்லறை எது என்பதே மறந்துபோய், 1960-களில் ஒருவர் விடாமல் தேடித்தான் கண்டுபிடித்தார். மூன்று டெர்பி வென்ற மனிதருக்கே இந்தக் கதி.

ஒரு மணி நேரம் போதும். சத்தம் போடாமல், கல்லறைகளை மிதிக்காமல் நடந்துவிட்டு வாருங்கள்.

ஏழாம் படி: கென்டக்கி ஹார்ஸ் பார்க், ஒரு முழு நாள்

1978-இல் திறந்த, 1,200 ஏக்கருக்கு மேல் பரந்த இடம். போகும் நாளில் திறந்திருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள், குளிர்காலத்தில் சில கிழமைகள் மூடியிருக்கும்.

நுழைந்ததும் மேன் ஓ வாரின் பெரிய சிலை. 1917-இல் லெக்சிங்டன் பக்கத்தில் பிறந்து, அடுத்த வருடம் சரடோகா ஏலத்தில் 5,000 டாலருக்கு விலைபோய், 21 பந்தயம் ஓடி 20-இல் வென்ற குதிரை. தோற்ற ஒரே பந்தயம் 1919-இல், அதுவும் அப்செட் என்ற பெயருள்ள குதிரையிடம். ஓய்வுபெற்ற பிறகு அதைப் பார்க்க நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களுக்குக் குதிரையைக் காட்டிக் கதை சொன்னவர் வில் ஹார்பட் என்ற கறுப்பினக் குதிரைக்காரர். அவர் 1947 அக்டோபரில் இறந்தார், குதிரை நவம்பர் 1 அன்று இறந்தது. ஹார்பட்டின் இரங்கல் குறிப்பில் அவரை இழந்து வாடுவோர் பட்டியலில் மனைவி, பிள்ளைகளோடு மேன் ஓ வாரையும் சேர்த்தே எழுதினார்கள்.

சிலைக்குப் பக்கத்திலேயே ஐசக் மர்ஃபியின் கல்லறை. கண்டுபிடித்த பிறகு அவருடைய எலும்புகளைக் கொண்டுவந்து இங்கே வைத்தார்கள். மர்ஃபி மேன் ஓ வாரை ஓட்டியதே இல்லை, அது பிறப்பதற்கு இருபது வருடம் முன்பே அவர் போய்விட்டார். மனைவி லூசியின் அருகிலிருந்து அவரைப் பிரித்து இங்கே கொண்டுவந்தது சரியா என்று ஊரில் இன்றும் கேட்கிறவர்கள் உண்டு, அந்தக் கேள்வி நியாயமானது என்றே எனக்கும் படுகிறது.

அடுத்து, பூங்காவுக்குள்ளேயே இருக்கும் சர்வதேசக் குதிரை அருங்காட்சியகம். இங்கே தவறவிடக் கூடாதவை இரண்டு. ஒன்று, லெக்சிங்டன் என்ற குதிரையின் எலும்புக்கூடு. 1850-இல் பிறந்து, நான்கு மைல் பந்தயங்களில் பேரெடுத்து, கண்பார்வை போனதால் ஓட்டத்தை நிறுத்தி, அப்புறம் 16 வருடம் அமெரிக்காவின் முதல்நிலைப் பொலிகுதிரையாக இருந்தது. 1875-இல் இறந்த பிறகு எலும்புக்கூடு வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் போனது, 2010-இல்தான் ஊர் திரும்பியது. மண்டை ஓட்டை நெருங்கிப் பாருங்கள். இன்னொன்று, கேலுமெட் பண்ணையின் கோப்பைகள். 1941-இல் வேர்லவே, 1948-இல் சைட்டேஷன் என்று இரண்டு ட்ரிப்பிள் கிரவுன் குதிரைகளை (ஒரே வருடத்தில் டெர்பி, ப்ரீக்னஸ், பெல்மான்ட் மூன்று பந்தயங்களையும் வென்றவை) தந்த பண்ணை 1991-இல் திவாலாகிப் போனது. கோப்பைகள் ஏலத்தில் சிதறிப் போகாமல் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது பெரிய விஷயம்.

வெளியே செக்ரடேரியட்டின் வெண்கலச் சிலையும் இருக்கிறது. மேலே ஜாக்கி ரான் டர்கோட், முன்னால் கயிற்றைப் பிடித்து நடத்திவரும் குதிரைக்காரர் எடி ஸ்வெட். புகழ்பெற்ற குதிரைகளின் சிலைகள் எத்தனையோ உண்டு, குதிரைக்காரரையும் சேர்த்து வார்த்த சிலைகள் அபூர்வம்.

மதியத்தில் ஹால் ஆஃப் சாம்பியன்ஸ் லாயத்தில் ஓய்வுபெற்ற வெற்றியாளர்களை வெளியே கொண்டுவந்து காட்டுவார்கள், நேரத்தை வாசலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜான் ஹென்றி, தொடர்ந்து 16 பந்தயம் வென்ற சிகார், அலிஷீபா ஆகியவை கடைசிக் காலத்தில் இங்கேதான் இருந்தன, அடக்கமும் இங்கேதான்.

எட்டாம் படி: கிளேபோர்ன் பண்ணை

லெக்சிங்டனிலிருந்து பாரிஸ் என்ற சின்ன ஊருக்குப் போகும் பழைய சாலையிலேயே போங்கள், நெடுஞ்சாலை வேண்டாம். இரண்டு பக்கமும் சாந்து பூசாமல் கல்லை அடுக்கிக் கட்டிய மதில்கள், மேலே மரங்கள் கூரை போட்டிருக்கும்.

1910 முதல் ஹேன்காக் குடும்பத்தின் கையில் இருக்கும் பண்ணை இது. லாயத்தின் கதவுகளில் பித்தளைப் பெயர்ப்பலகைகள் இருக்கும், இப்போது நிற்கும் குதிரையின் பெயர் மட்டும் இல்லை, அதே அறையில் முன்பு நின்ற குதிரைகளின் பெயர்களும். செக்ரடேரியட் நின்ற அறை அதற்கு முன் அதன் தந்தை போல்ட் ரூலர் நின்ற அறை. வம்சாவளியைப் புத்தகத்தில் படித்துவிட்டு அந்தக் கதவுக்கு முன் நிற்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது.

செக்ரடேரியட் 1973-இல் ட்ரிப்பிள் கிரவுன் வென்றபோது அதற்கு முந்தைய வெற்றி 25 வருடப் பழசு. டெர்பியில் இரண்டு நிமிடத்துக்குக் குறைவாக ஓடிய முதல் குதிரை அது, அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த நேரம் முறியவில்லை. பெல்மான்ட்டில் 31 குதிரை நீள வித்தியாசத்தில் வென்றது. அந்த சீசன் தொடங்கும் முன்பே அதன் பொலிகுதிரை உரிமையை 60 லட்சம் டாலருக்கு மேல் பங்கு பிரித்து விற்றாகிவிட்டது, ஓட்டம் முடிந்ததும் இங்கே வந்தது, கூடவே வந்து விட்டுவிட்டுப் போனவர் எடி ஸ்வெட். 1989 அக்டோபர் 4 அன்று குளம்பு நோய் முற்றி, மருந்து கொடுத்து நிம்மதியாக முடித்துவைத்தார்கள்.

பந்தயக்குதிரைகளுக்குத் தலை, இதயம், குளம்புகள் மட்டும் புதைப்பதே வழக்கம், முழு உடலோடு புதைப்பது பெரிய மரியாதை. செக்ரடேரியட்டுக்கு அந்த மரியாதை கிடைத்தது. கல்லில் பெயரும் இரண்டு வருடங்களும் மட்டும்தான் இருக்கும். பூ வைத்துவிட்டுப் போகிறவர்கள் இன்றும் உண்டு, நீங்களும் வைக்கலாம். அப்படியே பக்கத்தில் ரிவா ரிட்ஜின் கல்லையும் தேடுங்கள். 1972 டெர்பியை வென்று, கடனில் இருந்த முதலாளிக் குடும்பத்தைக் காப்பாற்றிய குதிரை அது, செக்ரடேரியட்டுக்கும் அதே குடும்பம்தான் முதலாளி. அது இல்லையென்றால் செக்ரடேரியட்டை வைத்துக்கொள்ளவே அவர்களிடம் வசதி இருந்திருக்காது. எல்லாரும் ஒரே கல்லுக்குப் போய்விடுகிறார்கள்.

பண்ணையில் நடந்துகொள்ளும் முறை: மூடிய காலணி போடுங்கள். குதிரைக்குப் பின்னால் போகாதீர்கள். பொலிகுதிரைகள் கடிக்கும், குதிரைக்காரர் சொல்லாமல் கையை நீட்டாதீர்கள். குடை விரிப்பது, குழந்தைகள் ஓடுவது இரண்டுமே குதிரையை மிரட்டும். சுற்றிக்காட்டியவருக்கும் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தியவருக்கும் அன்பளிப்புக் கொடுப்பது அங்கே வழக்கம், பணத்தைக் கையில் வைத்திருங்கள்.

இன்னொரு நாள் இருந்தால் வெர்செய்ல்ஸ் ஊரின் ஆஷ்ஃபோர்ட் பண்ணை. 37 வருட இடைவெளியை 2015-இல் முடித்த அமெரிக்கன் ஃபேரோவும், 2018-இல் ட்ரிப்பிள் கிரவுன் வென்ற ஜஸ்டிஃபையும் பொலிகுதிரைகளாகப் போன இடம். 1978-இல் வென்ற அஃபர்ம்டின் கல்லறை ஜோனபெல் பண்ணையில் இருக்கிறது.

ஒன்பதாம் படி: ஓல்ட் ஃபிரெண்ட்ஸ்

இதைக் கடைசியில் வைக்கக் காரணம் உண்டு. ஃபெர்டினாண்ட் என்ற குதிரை 1986 டெர்பியை வென்றது, 1987-இல் அமெரிக்காவின் சிறந்த குதிரையாகத் தேர்வானது, பிறகு ஜப்பானுக்கு விற்கப்பட்டது. 2002-இல் அங்கே அடிமாட்டுக்குப் போகிற மாதிரி அதையும் இறைச்சிக்கு அனுப்பிவிட்டார்கள் என்ற செய்தி அடுத்த வருடம் வெளியானபோது அமெரிக்கப் பந்தய உலகமே ஆடிப்போனது. அந்த 2003-ஆம் வருடமே மைக்கேல் ப்ளோவன் என்ற முன்னாள் திரைப்பட விமர்சகர் ஓய்வுபெற்ற குதிரைகளுக்காகத் தொடங்கியதுதான் ஜார்ஜ்டவுனில் இருக்கும் ஓல்ட் ஃபிரெண்ட்ஸ். 1997 டெர்பியை வென்ற சில்வர் சார்ம் 2014-இல் ஜப்பானிலிருந்து இங்கே திரும்பி வந்தது. கரிஸ்மாட்டிக், வார் எம்ப்ளம் இரண்டும் அதே வழியில் வந்தன.

பெரிய குதிரைகள் மட்டும் இல்லை, ஒரு கோப்பையும் வெல்லாத குதிரைகளும் அதே மேய்ச்சல் நிலத்தில் நிற்கின்றன. இங்கே கேரட் கொடுக்கலாம், உள்ளங்கையை விரித்து வைத்துக் கொடுங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். நுழைவுக் கட்டணம் நேராகத் தீவனத்துக்கும் வைத்தியத்துக்கும் போகிறது. முடிந்தால் மேலேயும் கொடுங்கள், கிழக் குதிரைக்குச் செலவு அதிகம்.

பத்தாம் படி: வீடு திரும்பிய பிறகு

குறித்து வைத்த பெயர்களை இணையத்தில் தொடர்ந்து தேடலாம். ஹார்ஸ் பார்க் அருங்காட்சியகம் குதிரைத் தொழிலில் கறுப்பினத்தவர்களின் வரலாற்றைத் திரட்டித் தனித் தொகுப்பாக இணையத்தில் வைத்திருக்கிறது. டெய்லி ரேசிங் ஃபார்மின் பழைய இதழ்களும் பெருமளவு இணையத்தில் கிடைக்கின்றன, ஒரு பெயரைத் தட்டினால் அவர் ஓட்டிய பந்தயங்கள் வரிசையாக வரும்.

இன்னொரு பயணம் போக முடிந்தால் நியூயார்க் மாநிலத்தின் சரடோகா ஸ்பிரிங்ஸ். 1950-இல் தொடங்கிய தேசியப் பந்தய அருங்காட்சியகம் அங்கே மைதானத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. அதன் புகழ் மண்டபத்தில் 1955-இல் முதலில் சேர்க்கப்பட்ட ஜாக்கிகளில் ஐசக் மர்ஃபியும் ஒருவர், ஜிம்மி விங்க்ஃபீல்டைச் சேர்க்க 2004 வரை ஆனது. கோடையில் மைதானத்தில் பந்தயம் நடக்கும் வாரங்களில் காலையில் அருங்காட்சியகம், மதியம் பந்தயம் என்று ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம்.